பத்தாவது குரல்

எங்கள் மருத்துவமனையில் கணவன் மனைவிக்குள் சண்டை மூட்டிவிடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். அடையாள அட்டையில் கௌரவமாக ‘ஸ்டெல்லா, குரல் ஆய்வாளர்’ என்று போட்டிருக்கும். வார்டில் குரல்காரி என்பார்கள். நான் அந்தப் பக்கம் போனாலே நோயாளிகளின் மனைவிமார் முகம் கடுத்துப்போகும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஓடுகின்றன. வயதாக ஆக உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி சுருங்கும். படிந்ததில் ஒரு துணுக்கு பெயர்ந்து மேலே போனால் பக்கவாதம். அந்தப் படிவைச் சுரண்டி எடுக்க எங்களிடம் அரிசிமணி அளவில் ஒரு கருவி இருக்கிறது. பூச்சி என்று கூப்பிடுவோம். பூச்சி சுரண்டும்போது உதிரும் தூள் மூளைக்குப் போய்விடக் கூடாது. அதனால் அந்த இருபது நிமிடமும் அந்தக் குழாயில் மட்டும் ரத்தத்தைத் திருப்பி ஓடவிட்டு, வெளியே ஒரு வடிகட்டியில் தூளைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான ரத்தத்தைத் தொடை வழியாக உடம்புக்கே கொடுத்துவிடுவோம். அதுவரைக்கும் மூளையின் அந்தப் பாதி, மறுபக்கத்துக் குழாய் தருவதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

சமாளிக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பேச வைத்துத்தான். ஆளை மயக்க மாட்டோம். பேச்சை நிறுத்தவும் விட மாட்டோம். பக்கத்தில் ஒரு இயந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் செவி. பேச்சு குழறினால் எட்டு வினாடி பொறுத்துப் பார்க்கும். பிறகு பூச்சியை வெளியே இழுத்துவிட்டு ரத்தத்தைப் பழையபடி விட்டுவிடும்.

என் பிழைப்பு இங்கேதான் வருகிறது. யாரோடு பேச வைப்பது? டாக்டரோடு பேசச் சொன்னால் மூளை அரைத் தூக்கத்திலேயே பதில் சொல்லிவிடுகிறது. முழு மூளையும் விழித்திருந்தால்தான் எந்த மூலையில் ரத்தம் குறைந்தாலும் செவிக்குத் தெரியும். அதனால் நோயாளிக்குத் தெரிந்த பத்துப் பேரின் குரலைப் பதிவு செய்து, அவர் தலையில் ஒரு தொப்பியை மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்க வைப்போம். எந்தக் குரலுக்கு மூளை அதிகமாக விழிக்கிறதோ, அவர்தான் துணைக் குரல். அறுவை அரங்கில் நோயாளிக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி.

இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பட்டியல்கள் போட்டிருக்கிறேன். மனைவி முதலாவதாக வந்தது பத்தொன்பது பேருக்கு. கணவன் முதலாவதாக வந்தது மூன்றே பேருக்கு. ஒருவருக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் வந்தார். அந்த வீட்டுக் கதையை நான் சொல்லப்போவதில்லை. ஒரு அம்மாவுக்கு, ஒன்பது வருடமாக எட்டிப் பார்க்காத மூத்த மகன் முதலாவது. தினமும் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற மகள் பத்தாவது. அந்தப் பெண் என் மேஜைமேல் தலை வைத்து அழுதாள். அன்றிலிருந்து பட்டியலை நானும் டாக்டர் ஹபீபாவும் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. விதி போட்டு என்ன பயன்? நாற்காலியில் உட்காருகிறவரை மூடியா வைக்க முடியும்?

இந்த நிலவரத்தில்தான் நாச்சிமுத்து வந்து சேர்ந்தார்.

கோயம்புத்தூரில் கணபதி என்ற பகுதியில் நாற்பது வருடமாகப் பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர். வயது அறுபத்தெட்டு. போன வாரம் டீ டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுந்து, ஐந்து நிமிடம் வாயில் ஒரு சொல்லும் வராமல் நின்றிருக்கிறார். பிறகு சரியாகிவிட்டது. “வெயிலுக்கு மயக்கம்” என்று பட்டறைக்குக் கிளம்பியவரை, அவர் மனைவி வசந்தாமணி ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டார். இடது பக்கத்துக் குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு. வலதிலும் பாதி.

டாக்டர் ஹபீபா திரையில் படம் காட்டி விளக்கினார். பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“சொட்டு நீர்ப் பாசனத்துல ஃபில்டர் அடைச்சா, தண்ணியத் திருப்பி உட்டு அலசி அழுக்க வெளிய தள்ளுவமுங். அதையேதான் நீங்க கழுத்துல பண்றீங்க?”

“அதேதான்” என்றார் டாக்டர்.

“வாழைக்குப் பத்து நிமிசம் தண்ணி போகாட்டி ஒண்ணுமாகாதுங். தலைக்கு?”

“பக்கத்துக் கிணத்துலேர்ந்து கொஞ்சம் வரும்.”

“பக்கத்துக் கெணறும் பாதி தூந்துபோச்சுன்னு நீங்கதான இப்பச் சொன்னீங்க?”

“அதனாலதான் உங்க விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். நீங்க பேசிக்கிட்டே இருக்கணும்.”

“நடுவுல மிஷின் நிறுத்திப்போட்டா?”

டாக்டர் ஹபீபா பூசி மெழுகுகிறவர் இல்லை. “பாதி சுரண்டின இடம் பேந்து தொங்கும். திரும்ப உள்ள போக முடியாது. பேச்சு போகலாம், கை கால் போகலாம், உயிரும் போகலாம். எப்பன்னு சொல்ல முடியாது.”

பெரியவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வசந்தாமணி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். “பண்ணிப்போடலாமுங்” என்றார் பெரியவர்.

குரல்களைத் திரட்டுவது வசந்தாமணியின் பொறுப்பானது. மெல்போர்னில் இருக்கும் மகள், மாப்பிள்ளை, பேரன், பட்டறை ஆட்கள் மூன்று பேர், காலை நடைக்கு வரும் சினேகிதர் இரண்டு பேர், அவரே ஒருவர். ஒன்பதுதான் ஆயிற்று. பத்தாவதை மறுநாள் கைபேசியில் கொண்டுவந்தார். யார் என்று கேட்டதற்கு, “தெரிஞ்சவருங்” என்றார். அப்படியே பதிந்துகொண்டேன்.

தொப்பியை மாட்டி ஒவ்வொன்றாகப் போட்டேன். மகள் குரலுக்குத் திரையில் ஓரளவு வெளிச்சம். பேரனுக்கு இன்னும் கொஞ்சம். வசந்தாமணியின் குரலுக்கு இருந்த வெளிச்சமும் மங்கிப்போனது. கடைசியாகப் பெயர் தெரியாத அந்தக் குரலைப் போட்டேன். “என்னங்ணா, சௌக்கியந்தானுங்ளா” என்று இரண்டே வார்த்தை. திரை முழுக்கத் திகுதிகுவென்று பற்றிக்கொண்டது. இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து தொப்பியைக் கழற்றி மேஜைமேல் போட்டார். “இவன் குரல இதுக்குள்ள யாரு வெச்சது?”

“இதுதாங்க முதலாவது வந்திருக்கு.”

“உங்க மிஷின்ல கோளாறு. ஸ்க்ரூடிரைவர் குடு அம்மிணி, நான் பாக்கறேன்.”

வெளியே தாழ்வாரத்தில் வசந்தாமணியிடமிருந்து கதை வந்தது. அந்தக் குரல் அவருடைய தங்கை சாந்தாமணியின் கணவர், சென்னியப்பன். அதாவது நாச்சிமுத்துவின் சகலை. இருவரும் ஒரே பட்டறையில் இருபத்திரண்டு வருடம் ஒன்றாக உழைத்தவர்கள். பிறகு மகள் கல்யாணம் வந்தது. பத்திரிகை அச்சடித்து வந்தது. அதில் அழைப்பவர்கள் வரிசையில் சென்னியப்பன் பெயர் இல்லை. அத்தனை சொந்தக்காரர் பெயரும் இருக்க, இடுப்பொடிய உழைத்த சகலையின் பெயர் மட்டும் இல்லை. மனிதர் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்து நாற்பது பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். இவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. சென்னியப்பன் அன்னூர்ப் பக்கம் தனியாகப் பட்டறை போட்டுக்கொண்டு போய்விட்டார். பதினாலு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

“அப்புறம் ஏங்க அவர் குரலைக் குடுத்தீங்க?”

“பத்துக்கு ஒண்ணு கொறஞ்சுதுங்களே” என்றார் வசந்தாமணி, என் முகத்தைப் பார்க்காமல். பிறகு, “அம்மிணி, நான் ரெண்டாவதா?” என்று கேட்டார்.

“அதைச் சொல்லக் கூடாதுங்க.”

“அஞ்சு?”

நான் கோப்பைப் புரட்டினேன். பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னாலும் முகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

“பத்தாவதாக்கு” என்றார் அவரே. தலையைச் சும்மா ஆட்டிக்கொண்டார். “நாப்பத்தொரு வருசம், அம்மிணி. செரி, ஆள் பொழச்சாப் போதும். சாந்திக்குப் போன் பண்ணி அவர வரச் சொல்லட்டுமா?” அவர் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலேயே சென்னியப்பன் வந்துவிட்டார். கூப்பிட்டது யார், எதற்கு என்றெல்லாம் கேட்டு முறுக்கிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு, வெள்ளை வேட்டியில் வந்து, “எங்க உக்காரோணும்?” என்று மட்டும் கேட்டார். அவரோடு வந்திருந்த சாந்தாமணியும் வசந்தாமணியும் தாழ்வாரத்தில் சந்தித்தார்கள். பதினாலு வருடம் பிரிந்தவர்களாயிற்றே, கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நானும் நர்ஸ்களும் கூடி நின்றோம். அவர்களோ, “புளி கொண்டாந்தயா?” “அது உன்ற பையில வெச்சுப்போட்டனே” என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது.

அறுவைக்கு முன்னால் ஒரு ஒத்திகை உண்டு. நோயாளியும் துணைக் குரலும் ஒரு மணி நேரம் பேச வேண்டும். இந்த மனிதர் இந்த ஆளோடு எப்படிப் பேசுவார் என்பதைச் செவி அப்போதுதான் கற்றுக்கொள்ளும். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தேன். நாச்சிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“அம்மிணி, வந்தவரு காப்பி குடிச்சாரான்னு கேளு.”

வந்தவர் நாலடி தூரத்தில்தான் இருந்தார். “குடிச்சாச்சுன்னு சொல்லு அம்மிணி” என்றார்.

“அன்னூர்ல போடற மோட்டாரெல்லாம் மூணே மாசத்துல காயில் கருகுதாம்ல, அது நெசமான்னு கேளு.”

“கருகறது கணபதி மோட்டாருன்னு சொல்லு. அதக் கழட்டி மறுபடியும் சுத்திக் குடுக்கறதுதான் அன்னூர்ல எங்களுக்கு வேலைன்னும் சொல்லு.”

“கெணத்துக்கடியில மாட்டற ஃபுட்வால்வு, அதுலயாச்சும் தண்ணி நிக்குமான்னு கேளு.”

“ஆள் நிக்காட்டியும் தண்ணி நிக்கும்னு சொல்லு.”

நடுவில் நான் எதற்கு? நான் வாயே திறக்கவில்லை. எங்கள் ஊரில் பேச்சு முறிந்தவர்கள் பேசுவது இப்படித்தான். நடுவில் குழந்தை, நாய், சுவர் எது இருந்தாலும் போதும். திரையோ ஜோராக எரிந்துகொண்டிருந்தது. “நேரா பேசச் சொல்லேன்” என்றார் டாக்டர் ஹபீபா காதோடு. நான் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். “வேண்டாம் வேண்டாம், உக்காருங்க, இப்படியே பேசுங்க” என்று டாக்டரே சமாதானம் செய்தார். செவி ஒரு மணி நேரமும் அதையேதான் கேட்டது, அதையேதான் கற்றுக்கொண்டது. நாங்கள் செய்த தப்பு அது. அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அறுவை காலை ஒன்பது மணிக்கு. பெரியவர் தலையில் தொப்பி, கழுத்தில் ஒரு சின்ன வெட்டு, அதன் வழியே குழாய். வலது கையில் ரப்பர் வாத்து ஒன்றைக் கொடுத்திருந்தோம். அமுக்கினால் கீச்சென்று கத்தும் குழந்தைப் பொம்மை. பச்சை விளக்கு மினுக்கும் போதெல்லாம் அவர் அதை அமுக்க வேண்டும். இடது மூளைக்கு ரத்தம் குறைந்தால் முதலில் பேச்சு போகும், அடுத்து வலது கை ஓயும். எத்தனை கோடி ரூபாய்க் கருவி வந்தாலும் அந்த வாத்தை மட்டும் டாக்டர் ஹபீபா விடுவதில்லை.

சென்னியப்பன் வலது பக்கம் உட்கார்ந்தார். நான் அவர்களுக்கு எதிரே, செவியின் முன்னால். என் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பொத்தான். செவி நிறுத்த நினைத்து, நான் வேண்டாம் என்று நினைத்தால் அதை அழுத்தலாம். அழுத்தியபடியே இருக்கவும் வேண்டும், விரலை எடுத்தால் நின்றுவிடும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அதை நான் தொட்டதில்லை. செவி மூன்று முறை நிறுத்தியிருக்கிறது, மூன்று முறையும் செவிதான் சரி.

ரத்தம் திரும்பி ஓடத் தொடங்கியது. பூச்சி உள்ளே போனது.

“அம்மிணி, அன்னூர்ல மழையான்னு கேளு.” கீச்.

“தூறல்னு சொல்லு.”

“தூறலுக்கே கெணறு நெம்பிருச்சுன்னு பேப்பர்ல போட்டுக்குவாங்களான்னு கேளு.” கீச்.

பத்து நிமிடம் ஓடியது. வடிகட்டியில் மஞ்சளாகத் தூள் சேர்ந்தது. செவியில் எல்லாம் பச்சை. பன்னிரண்டு. பதின்மூன்று. டாக்டர், “பாதிக்கு மேல வந்தாச்சு, இப்பத்தான் மெல்லிசான இடம், பேச்சை விடாதீங்க” என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் பேச்சை நிறுத்தினார். இரண்டு வினாடி. பிறகு அவர் வாயிலிருந்து வந்தது நான் அதுவரை கேட்காத குரல்.

“டேய் சென்னி.”

செவி மஞ்சளானது.

“உன்ற பேர... பத்திரிகையில உன்ற பேர நான் எழுதித்தான்டா குடுத்தேன். மூணாவது பேரா எழுதிக் குடுத்தேன். அச்சாபீஸ்காரன் உட்டுப்போட்டான். நீ அத்தன பேரு முன்னால வந்து கத்துனயா... எனக்குச் சொல்ல... வாய்...”

சொற்கள் உடைந்தன. மூக்கு அடைத்து, தொண்டை கட்டி, பாதி எழுத்து உள்ளேயே நின்றது. பச்சை விளக்கு மினுக்கியது. வாத்து கத்தவில்லை. இன்னொரு முறை மினுக்கியது. கத்தவில்லை. செவி சிவப்பானது. திரையில் எட்டு என்று எழுதி எண்ணத் தொடங்கியது.

பேச்சு மாறிவிட்டது, குழறுகிறது, வலது கை ஓய்ந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் இருப்பது அப்படியே நடக்கிறது. ஆறு.

“தெரியுமுங்ணா” என்றார் சென்னியப்பன். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. “அச்சாபீஸ்காரன் அடுத்த மாசமே வந்து என்ற கால்ல உழுந்தான். நாந்தான்... எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாரதுன்னு...”

ஐந்து. ரப்பர் வாத்து தரையில் கிடந்தது. நான் இருந்த இடத்திலிருந்து பச்சைத் துணிதான் தெரிந்தது, கை தெரியவில்லை.

“சென்னியப்பண்ணா, அவர் வலது கை எங்க?” என்று கத்தினேன்.

“என்ற கையிலதானுங் இருக்குது! நசுக்கறாருங், எலும்பு ஒடிஞ்சுருமாட்ட இருக்குது!”

மூன்று. நான் பொத்தானை அழுத்தினேன்.

டாக்டர் ஹபீபா தலையை மட்டும் நிமிர்த்தினார். “ஸ்டெல்லா?”

“தொடருங்க டாக்டர். பக்கவாதம் இல்ல. அழறாரு.”

“நிச்சயமா?”

“நிச்சயம்.”

சொல்லிவிட்டு, மறு கையாலும் கட்டைவிரலைப் பொத்தானோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு இயந்திரத்தின் பேச்சை மீறி ஒரு மனிதரின் மூளையை என் கட்டைவிரலில் வைத்திருக்கிறேன். என் கணிப்பு தப்பென்றால் மிச்சமிருக்கும் ஆறு நிமிடத்தில் அவர் பேச்சு முழுக்கப் போய்விடும், உயிரே போகலாம். கொன்றவள் நானாக இருப்பேன். செவி என் கண்ணெதிரே சிவப்பாகவே எரிந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. நாச்சிமுத்து என்றால் சென்னியப்பனிடம் சுவர் வழியாகப் பேசுகிற ஆள் என்று அதற்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தானே. அவர் நேராகப் பேசியதும் மூளை கெட்டுவிட்டது என்று அது முடிவு செய்துவிட்டது.

அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, “இன்னும் நசுக்கறாரா அண்ணா?” என்று கேட்டேன்.

“நசுக்கறாருங்.”

“காயில் சுத்தறாப்பல நசுக்கறதுக்கும் எண்ணிக்க வெச்சுருக்கயா, அம்மிணி?” என்றார் பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அந்தக் கேலியைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. கேலி செய்கிற மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் பூச்சி வெளியே வந்தது. ரத்தம் நேராக ஓடியது. டாக்டர் வடிகட்டியைத் தூக்கிக் காட்டினார். கால் ஸ்பூன் மஞ்சள் தூள். “இத்துனூண்டுக்கா இத்தன கூத்து?” என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தோம். என் கட்டைவிரல் மட்டும் மடங்க மறுத்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை.

வருடக் கணக்கில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்த இடத்தில் திடீரென்று வெள்ளம் பாய்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்கள் அதற்குப் பழகியிருக்காது. “புது மோட்டாரை மாட்டி முழு வேகத்துல விட்டா பழைய பைப் வெடிக்குமில்ல, அதே மாதிரி” என்று டாக்டர் ஹபீபா முன்பே சொல்லியிருந்தார். முதல் சில மணி நேரம் ரத்த அழுத்தம் நூற்று நாற்பதைத் தாண்டவே கூடாது. தாண்டினால் மூளைக்குள் கசியும்.

நான் அறைக்குப் போனபோது நூற்று எண்பத்து நாலு.

சென்னியப்பன் கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதினாலு வருடப் பேச்சையும் ஒரே நாளில் பேசித் தீர்க்கிற உத்தேசம். யார் எந்த மோட்டாரைக் கெடுத்தார்கள், எந்த ஃபோர்மேன் எங்கே போனான், யார் செத்தார்கள். பெரியவர் முகம் சிவந்து, கை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது, எண் இறங்கவில்லை. தலையில் கழற்றாமல் விட்ட தொப்பியின் திரையைப் பார்த்தேன். மூளை முழுக்கத் தீபாவளி.

“அண்ணா, வெளிய போங்க.”

“இப்பத்தான அம்மிணி பேசவே ஆரம்பிச்சோம்.”

“உங்க பேச்சு காலைல அவரைக் காப்பாத்துச்சு. இப்ப அதுவே கொன்னுரும். கிளம்புங்க.”

அவர் போன பிறகும் எண் நூற்று எழுபத்தெட்டுக்குக் கீழே வரவில்லை. பெரியவர் கதவையே பார்த்துக்கொண்டு, “அவனுக்குச் சோறு வாங்கிக் குடுத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். இதற்கு மேல் கூட்டினால் ஒரேயடியாக இறங்கிவிடும், அதுவும் ஆபத்து என்றார்.

எனக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. கையில் அவருடைய பட்டியல் இருந்தது, சும்மா புரட்டினேன். இத்தனை நாளும் நான் முதல் வரியை மட்டும்தான் படித்திருக்கிறேன். கடைசி வரியைப் படிக்க யாருக்கு நேரம்? பத்தாவது: வசந்தாமணி. பக்கத்தில் அவருடைய வரைபடம். அதை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். மூளை கவனிக்காத குரல் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மற்ற ஒன்பது குரலுக்கும் மூளை எழுந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தக் குரல் கேட்டதும், ஏற்கெனவே விழித்திருந்த இடங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருக்கின்றன. நாடித் துடிப்பு அரை நிமிடத்தில் பன்னிரண்டு இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்த ஆளின் மூளை அது.

தாழ்வாரத்துக்கு ஓடினேன். வசந்தாமணி மடியில் பையை வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள வாங்கம்மா, அவர்கிட்டப் பேசணும்.”

“நான் பத்தாவதுங்களே, அம்மிணி. நான் வந்து என்னத்தப் பண்றது?”

“பத்தாவதுங்கறதுக்காகத்தான் கூப்பிடறேன்.”

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்து, பெரியவரின் போர்வையை இழுத்துவிட்டார். என்ன பேசுவது என்பதுபோல் என்னைப் பார்த்தார். “வீட்ல என்ன பேசுவீங்களோ அது” என்றேன்.

“மேல டேங்க்குல மிதவ வேல செய்யறதில்லீங், தண்ணி வழிஞ்சு மாடிப்படியெல்லாம் பாசம் புடிச்சுக் கெடக்குது. கருவேப்பல செடியில மறுபடியும் பூச்சி. எதுத்தூட்டு நாய் குட்டி போட்டுருக்குது, நாலு. ஒண்ணு மட்டும் வெள்ள...”

நூற்று எழுபத்தொன்று. நூற்று அறுபது. பெரியவர் “ம்” என்றார். நூற்று நாற்பத்தொன்பது. கருவேப்பிலையிலிருந்து பேச்சு பேரனின் பல்லுக்குப் போனது, அங்கிருந்து இட்லி மாவு புளித்ததற்கு. “ம்”களின் இடைவெளி கூடியது. நூற்று முப்பத்தாறு. டாக்டர் ஹபீபா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் பட்டியலின் கடைசி வரியை அவரிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இருநூறு பட்டியலை நாம தலைகீழாப் படிக்காம விட்டுட்டோம் ஸ்டெல்லா” என்றார்.

இப்போது எங்கள் மருத்துவமனையில் அறுவை அரங்கில் முதல் குரலும், அதன் பிறகான அறையில் பத்தாவது குரலும் உட்காருகின்றன. நோயாளிக்கான படிவத்தில் ‘நீங்கள் யாரோடு பேசுவதில்லை?’ என்று ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. தாழ்வாரத்தில் ஜென்மப் பகையாளிகள் வரிசையாக உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்க்கலாம். கணவன்மார், ‘நான் ஏன் பத்தாவதாக வரவில்லை’ என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். அம்மாவைக் குளிப்பாட்டும் அந்த மகளைத் தொலைபேசியில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மறுபடியும் அழுதாள், இந்த முறை நான் பயப்படவில்லை.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். பெரியவர் வாய் லேசாகத் திறந்து தூங்கிவிட்டார். நூற்று இருபத்தெட்டு. வசந்தாமணி பேசிக்கொண்டே இருந்தார்.

“தூங்கிட்டாரும்மா. நிறுத்திக்கலாம், தண்ணி குடிங்க” என்றேன்.

“அவரு தூங்குனப்புறந்தானுங் நான் முக்கியமானதெல்லாம் சொல்றதே. நாப்பத்தொரு வருசப் பழக்கம்.” அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு பெரியவரின் காதுப் பக்கம் குனிந்து குரலைத் தணித்தார். “ஏனுங், இதும் சொல்லிப்போடறேன். சாந்தியும் நானும் ஒரு நாளும் பேசாம இருந்ததில்லீங். பதினாலு தீவாளிக்கும் அவளுக்கு அதிரசம் சுட்டு அனுப்பிச்சுருக்கறேன். அவ பொண்ணு வளைகாப்புக்குக்கூட, கோயிலுக்குன்னு பொய் சொல்லிப்போட்டுப் போயிட்டு வந்தேன்.”

பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை.

“தெரியும்” என்றார். “ரெண்டு பேருக்கு எதுக்கு அஞ்சு கிலோ வெல்லம்? வருசா வருசம் வாங்கியாறது நாந்தான? தூங்க உடு.”

வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். நூற்று இருபத்தாறு. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேல் டேங்க்கின் மிதவையை எப்போது மாற்றுவது என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.